விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்களில் பலர் முடிவு எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முடிவை நிறைவேற்ற எத்தனை வழக்கு, எத்தனை மாதம், என்னென்ன காகிதம் என்பதுதான் தெரியாது. கீழே இருப்பவை அப்படி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள். பதில்கள் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியவை. மற்றவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறது. இது பொதுவான விளக்கம்தான். மனு போடுவதற்கு முன் உங்கள் காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் திருமணம் எந்தச் சட்டத்தில் வரும்?

இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். ஐயர் வைத்து நடந்ததா, ஐயர் இல்லாமல் மாலை மாற்றி நடந்ததா என்பது பொருட்டில்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணமும் 7-ஏ பிரிவில் முழுமையாகச் செல்லும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரியத் தனிச்சட்டமும், பெண்கள் நீதிமன்றம் வழியாக விலகுவதற்கான 1939-ஆம் ஆண்டுச் சட்டமும். மதம் எதுவானாலும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்டியிருந்தால் விவாகரத்தும் அதே சட்டத்தில்தான்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தவர்கள் 'எங்களுடையது ரிஜிஸ்டர் மேரேஜ்' என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும். பதிந்ததால் சட்டம் மாறிவிடாது. சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பதியாமலே விட்டிருந்தாலும் திருமணம் செல்லும். பத்திரிகை, போட்டோ, மண்டப ரசீது, சாட்சிகளை வைத்து நிரூபிக்கலாம். ஆனால் சடங்கு எதுவுமே நடக்காமல் விசாவுக்காகவோ வேறு எதற்காகவோ பதிவு மட்டும் செய்துவைத்தது இந்துச் சட்டப்படி திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விவாகரத்து கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததுதானே?

முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். 'டைவர்ஸ் கேஸ்' என்று ஒரே பெயரில் பேசினாலும் அதற்குள் நாலைந்து தனித்தனி விவகாரங்கள் இருக்கின்றன: உறவை முறிப்பது ஒன்று, ஜீவனாம்சம் ஒன்று, குழந்தை யாரிடம் என்பது ஒன்று, நகையும் சொத்தும் ஒன்று, அடி உதை இருந்தால் போலீஸ் புகார் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. சில நேரம் நீதிமன்றமும் வேறு. ஒன்றில் ஜெயித்தவர் அடுத்ததில் தோற்கலாம். மனைவி விட்டுவிட்டுப் போனார் என்ற காரணத்துக்காகக் கணவருக்கு விவாகரத்து கிடைத்த வழக்கிலேயே, விவாகரத்தான மனைவி என்ற முறையில் அவருக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது 'டைவர்ஸ் வேணும்' என்பதோடு நிறுத்தாமல், இந்த ஒவ்வொன்றிலும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கோபம் உச்சத்தில் இருக்கும் முதல் சில வாரங்களில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதும் நல்லது.

இருவருக்கும் சம்மதம். எவ்வளவு காலம் ஆகும்?

பரஸ்பர சம்மத விவாகரத்து 1976-இல் 13-பி பிரிவாகச் சேர்ந்தது. மனு போடும்போது குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே மனு போடுகிறீர்கள். அதன்பின் 6 மாதம் காத்திருப்பு. 6 மாதம் முடிந்து 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி நேரில் வந்து 'எங்கள் முடிவு அதேதான்' என்று சொன்னால் நீதிபதி விசாரித்துத் தீர்ப்பு தருவார்.

அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். இவை இருந்தால் தனி மனு போட்டுக் கேட்கலாம். 'ஒரே மாதத்தில் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழ்வதாகச் சொல்லலாமா?

சொல்லலாம். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் கணக்கு, கூரை ஒன்றா இரண்டா என்பது இல்லை. 1991-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வாடகைக்குத் தனி வீடு எடுக்க வசதி இல்லாமல் மாடியில் ஒருவர், கீழே ஒருவர் என்று இருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டும் இருவரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும்.

சம்மத ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

இதற்கு அவசரமே கூடாது. 'எல்லாம் பேசி முடித்துவிட்டோம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், தீர்ப்பு வந்த பிறகு மூன்று புது வழக்குகளோடு திரும்ப வருகிறார்கள்.

பணம் என்றால் எவ்வளவு, எத்தனை தவணை, எந்தத் தேதி, எந்த வங்கிக் கணக்கு. முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதிக் கையெழுத்தன்று மீதி டிமாண்ட் டிராஃப்டாக நீதிமன்றத்திலேயே கைமாறுவது என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. நகை என்றால் எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, எங்கே எப்போது ஒப்படைப்பது. குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் யார், மருத்துவச் செலவு யார், எந்த நாள்களில் மற்றவர் பார்க்கலாம், தீபாவளி பொங்கல் விடுமுறை எப்படிப் பிரியும், பாஸ்போர்ட் எடுக்க இருவரும் ஒத்துழைப்பார்களா. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீட்டுக் கடன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'இனி கடனை அவர் கட்டுவார்' என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், சிபில் மதிப்பெண் உங்களுக்கும் அடிபடும். வங்கியிடம் பேசிப் பெயரை நீக்கிய பிறகு, அல்லது கடனை ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகு இறுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நிலுவையில் இருக்கும் மற்ற வழக்குகளை யார் எப்போது திரும்பப் பெறுவது என்பதையும் எழுதுங்கள். வரதட்சணைக் கொடுமைப் புகார் எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால், புகார் கொடுத்தவர் 'வாபஸ்' என்று சொல்வது மட்டும் போதாது. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு ரத்து செய்ய வேண்டும். தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை.

'குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று தாய் எழுதித் தருவதை நம்பி எந்த அப்பாவும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அது குழந்தையின் உரிமை. இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாது.

முதல் மனுவுக்குப் பிறகு ஒருவர் மனம் மாறினால்?

தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் அந்த மனு விழுந்துவிடும். அப்புறம் காரணம் காட்டித் தனியாக வழக்கு நடத்த வேண்டியதுதான். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள் என்று வக்கீல்கள் சொல்வது இதனால்தான்.

ஒருவர் சம்மதிக்கவே இல்லை. என்ன செய்வது?

13-ஆம் பிரிவில் இருக்கும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும்: பிறரோடு தகாத உறவு, கொடுமை, தொடர்ந்து 2 ஆண்டு கைவிட்டிருப்பது, மதமாற்றம், சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கான மனநோய், தொற்றும் பால்வினை நோய், துறவு, 7 ஆண்டாக உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதது. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது; 2019-இல் நீக்கினார்கள், நல்ல காரியம். மனைவிக்கு மட்டுமான சில காரணங்களும் உண்டு.

நடைமுறையில் வழக்குகள் கொடுமையைச் சுற்றித்தான் ஓடும். உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்பதில்லை, மனக் கொடுமையும் கொடுமைதான். 2007-இல் உச்ச நீதிமன்றம் எவையெல்லாம் மனக் கொடுமை ஆகலாம் என்று உதாரணங்களோடு சொல்லியிருக்கிறது. சாதாரணச் சண்டை சச்சரவு அதில் வராது. 'மாமியாரோடு ஒத்துப்போகவில்லை', 'சமைக்கத் தெரியவில்லை' என்று பத்துப் பக்கம் எழுதினால் நீதிபதிக்கு அலுப்புதான் வரும். நடந்தது என்ன, தேதி என்ன, யாருக்குத் தெரியும் என்று நாலு சம்பவம் தெளிவாக இருந்தால் போதும். இப்படிப் போட்டி வழக்கானால் வருடக்கணக்கில் வாய்தா வாங்க நேரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாகப் பிரிந்தே இருக்கிறோம், அது ஒரு காரணம் ஆகாதா?

'மீட்கவே முடியாதபடி முறிந்த உறவு' என்பது இந்து திருமணச் சட்டத்தில் இன்னும் காரணமாகச் சேரவில்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவை வைத்து அந்த அடிப்படையில் திருமணத்தை முடித்துவைக்கலாம் என்று 2023 மே 1-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்காக நேராக டெல்லிக்குப் போய் மனு போட முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. சட்ட ஆணையம் பல காலமாகச் சொல்லியும் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்காமல் இருப்பது என் பார்வையில் நியாயமில்லை. இருவருடைய இளமையும் வாய்தாவில் போகிறது.

கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. இப்போதே மனு போடலாமா?

பொதுவாக ஓராண்டு முடிய வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. விதிவிலக்கான கஷ்டம் என்று காட்டினால் நீதிமன்றம் முன்பே அனுமதிக்கலாம். வேறொரு வழியும் உண்டு. ஆண்மைக்குறைவால் உறவே நடக்கவில்லை, முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிக் கல்யாணம் செய்தார்கள் என்றால் விவாகரத்துக்குப் பதில் திருமணத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அதற்கு ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. மாறாக, மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் 'கொஞ்ச நாள் பொறு' என்று சொல்லிச் சொல்லியே இந்தக் கெடுவைத் தாண்டவிட்டவர்கள் உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிப் பிரிந்துவிட்டோம். செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. நோட்டரி முத்திரை குத்தினாலும், போலீஸ் ஸ்டேஷனில் எழுதினாலும், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் அது விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை 29-ஆம் பிரிவு காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் 'எங்கள் சாதியில் காலங்காலமாக இப்படித்தான்' என்று நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் முதல் திருமணம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பி மறுமணம் செய்தவர்மீது இருதார வழக்கு வரலாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர்கள், எதிர்த்தரப்பும் ஒத்துவந்தால் உடனே சம்மத மனு போட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள். பிரிந்திருந்த காலத்துக்கு அதுவே ஒரு சான்றாகவும் உதவும்.

எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது?

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர். மனு போடுகிறவர் மனைவி என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம், 2003-இல் வந்த திருத்தம் இது. குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம். கணவர் சென்னையில் போட்ட வழக்குக்குத் திருநெல்வேலியிலிருந்து கைக்குழந்தையோடு வர முடியாது என்றால் வழக்கை மாற்றித் தர உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தில்.

கவுன்சலிங் கட்டாயமா? வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால்?

1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. அதனால் கவுன்சலரையோ சமரச மையத்தையோ பார்க்காமல் தப்ப முடியாது. சேர்த்துவைப்பதற்கு மட்டும்தான் அது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். பிரிவதற்கான நிபந்தனைகளைப் பேசி முடிக்கவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்த நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனாலும் சொத்தோ குழந்தையோ சம்பந்தப்பட்டால் வக்கீல் இருப்பதே நல்லது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.

சம்மன் வந்தது. போகாமல் இருந்துவிட்டால் விவாகரத்து கிடைக்காது இல்லையா?

நேர்மாறு. நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். 'எக்ஸ்பார்ட்டி' ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மனே ஒழுங்காக வரவில்லை என்றால் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் எந்தப் பலனும் தராது.

ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்? மூன்றில் ஒரு பங்கு என்கிறார்களே?

அப்படி எந்த விகிதத்தையும் சட்டம் எழுதிவைக்கவில்லை. 2017-இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து அந்த எண் ஊரெல்லாம் பரவிவிட்டது. இருவரின் வருமானம், வயது, படிப்பு, சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வசதி, குழந்தை யாரிடம், பெற்றோர் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பல விஷயங்களைப் பார்த்துத்தான் நீதிபதி முடிவு செய்வார்.

2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிலைமையைப் பெரிதும் மாற்றியது. இருவருமே சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். அதனால் மனு போடத் தாமதித்தால் நஷ்டம் உங்களுக்கே. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுகிறார் என்ற சந்தேகம் இருந்தால் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பிடித்தம் ஆகியவற்றை நீதிமன்றம் வழியாகக் கேட்டு வாங்கலாம். சொந்தத் தொழில் செய்பவர், கையில் ரொக்கமாக வாங்குபவர் என்றால் கஷ்டம்தான். வாடகை ஒப்பந்தம், வண்டிக் கடன், கிரெடிட் கார்டு செலவு, ஃபேஸ்புக்கில் போட்ட சுற்றுலாப் படம் என்று வாழ்க்கைத் தரத்தைக் காட்டுவதுதான் வழி.

கேட்க மூன்று கதவுகள்: இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 144-ஆம் பிரிவு, குடும்ப வன்முறைச் சட்டம். மூன்றிலும் கேட்கலாம், ஆனால் ஒன்றில் கிடைத்ததை அடுத்ததில் கழித்துக்கொள்வார்கள். மறைத்தால் உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

மனைவி வேலைக்குப் போகிறார். அவருக்கும் உண்டா? கணவர் கேட்கலாமா?

வேலை இருப்பதாலேயே மறுக்க முடியாது. அந்தச் சம்பளம் பழைய வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமா என்று பார்ப்பார்கள். குழந்தையின் செலவு தனிக் கணக்கு. இந்து திருமணச் சட்டத்தில் கணவரும் மனைவியிடம் கேட்கலாம். 144-இல் கேட்க முடியாது. உடல் நலத்தோடு இருக்கும் ஆண் கேட்டால் நீதிமன்றம் அவ்வளவாக இரக்கம் காட்டாது.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லை. என்ன வழி?

நிறைவேற்று மனு. 144-இல் வாங்கிய உத்தரவு என்றால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லலாம், சொத்தை ஜப்தி செய்யலாம், வாரண்ட் கேட்கலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. 'ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது' என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, பணம் பாக்கிதான்.

என் நகை அவர்கள் வீட்டில் இருக்கிறது. திரும்பக் கிடைக்குமா?

பிறந்த வீட்டில் போட்டது, மாப்பிள்ளை வீட்டில் போட்டது, உறவினர் மொய்யாகவும் பரிசாகவும் உங்களுக்கென்று தந்தது எல்லாம் உங்கள் சீதனம். கணவருக்கு அதில் உரிமை கிடையாது என்று 1985-லிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண், 89 பவுன் நகையை முதலிரவன்றே பத்திரப்படுத்துவதாகச் சொல்லிக் கணவர் வாங்கிக்கொண்டார் என்று வழக்குப் போட்டிருந்தார்; 2024-இல் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரும்படி உத்தரவானது.

சட்டம் பலமாக இருந்தாலும் ஆதாரம் வேண்டும். நகைக்கடை பில் அப்பா பெயரில் இருக்கும், பழைய நகையை மாற்றி வாங்கியிருப்பீர்கள், பாதி அடகில் இருக்கும். கல்யாண ஆல்பம், வீடியோ, சீர்வரிசைப் பட்டியல், அடகு ரசீது, லாக்கர் பதிவேடு என்று கிடைப்பதை எல்லாம் சேருங்கள். வரதட்சணைத் தடைச் சட்ட விதிகள் பரிசுகளைப் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. யாரும் செய்வதில்லை.

வீடு யாருக்கு? பாதி எனக்கு வருமா?

வராது. வெளிநாட்டு செய்திகளைப் படித்துவிட்டு 'சொத்தில் பாதி' என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சிதான். கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்துச் சட்டம் இருப்பதால் அங்கே நிலை வேறு. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. கூட்டுப் பெயரில் இருந்தால் பங்கு உண்டு. உங்கள் பணம் போயிருக்கிறது ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லை என்றால், பணம் போன வழியை வங்கிக் கணக்கு வைத்துக் காட்ட வேண்டும். கணவரின் சொத்து மதிப்பு ஜீவனாம்சத் தொகையை நிர்ணயிக்கும்போது கணக்கில் வரும்.

சமரசத்தில் வீட்டை ஒருவருக்கு எழுதித் தருவதாக முடிவானால், எப்போது எழுதுவது என்று பத்திர எழுத்தரிடம் கேட்டுவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்போது எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு.

என்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். உடனே எங்கே போவது?

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இதற்குத்தான். வீடு மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குடியிருக்கும் உரிமை மட்டும், சொத்துரிமை இல்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமோ நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ மனு தரலாம். ராத்திரியில் நடுத்தெருவில் நிற்கும் நிலை என்றால் 181 எண்ணைக் கூப்பிடுங்கள். அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, விபத்துப் பதிவேட்டில் 'கணவர் அடித்தார்' என்று சொல்லிப் பதியுங்கள். 'வழுக்கி விழுந்தேன்' என்று அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை வழக்கு முழுக்கத் துரத்தும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

என்மீதும் அம்மா அப்பாமீதும் 498-ஏ புகார். உடனே கைது செய்வார்களா?

498-ஏ என்பது கணவரும் அவர் வீட்டாரும் மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. தண்டனை 3 ஆண்டு வரை. புகார் வந்தவுடன் எந்திரம் மாதிரிக் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நோட்டீஸ் வந்தால் போங்கள், ஒத்துழையுங்கள். பயமாக இருந்தால் முன்ஜாமீன். வேறு ஊரில் இருக்கும் நாத்தனார், கொழுந்தன் பெயரையெல்லாம் பொதுப்படையாகச் சேர்த்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். புகார் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: செய்தவர் பெயரை மட்டும் எழுதினால் புகார் வலுவாக இருக்கும். குடும்ப அட்டையில் உள்ள அத்தனை பேரையும் எழுதினால் உண்மையான பகுதியும் நீர்த்துப்போகும்.

குழந்தை யாரிடம் இருக்கும்?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம். அதற்கு மேல் தாய்க்கோ தந்தைக்கோ தானாக எந்த உரிமையும் இல்லை. குழந்தைக்கு எது நல்லது என்பதே கேள்வி. சம்பளம் அதிகம் வாங்குபவர் ஜெயிப்பார் என்பதும் கட்டுக்கதை. இதுவரை யார் பள்ளிக்குக் கூட்டிப்போனார், யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார் என்று பார்ப்பார்கள். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசுவார். அதற்கு முன் குழந்தைக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீதிபதிகள் அதைச் சுலபத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழந்தையை உடன் வைத்து வளர்க்கும் உரிமை (காப்பு) ஒருவருக்கு என்றால் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்க முடியாது. குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் முடியாது. இரண்டும் தனித்தனி உத்தரவு. சூழ்நிலை மாறினால் காப்பு உத்தரவையும் மாற்றக் கேட்கலாம். விவாகரத்தால் குழந்தையின் வாரிசுரிமை போகாது. அப்பா மறுமணம் செய்தாலும் அவர் சொத்தில் முதல் மனைவியின் பிள்ளை வாரிசுதான்.

வாட்ஸ்அப் மெசேஜ், போன் ரெக்கார்டிங் செல்லுமா?

கணவன் மனைவிக்கு இடையே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைத் திருமண வழக்கில் ஆதாரமாகக் காட்டலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணு ஆதாரத்துக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலப் பதிவு இருக்கும் போனை அழிக்காமல் வைத்திருங்கள். அவர் போனில் உளவுச் செயலி போடுவது, கடவுச்சொல்லைத் திருடுவது வேறு விவகாரம், அது உங்கள்மீதே வழக்காகும்.

நாங்கள் முஸ்லிம், கிறிஸ்தவர். எங்களுக்கு என்ன மாறும்?

ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வது 2017 ஆகஸ்ட் 22 தீர்ப்போடு செல்லாததாகியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை. மனைவி, தானே கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா வழியாகவோ 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ விலகலாம். தனியார் ஷரியத் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய 125-இல் (இப்போது 144) ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கிறிஸ்தவர்களுக்கு 2001-இல் பரஸ்பர சம்மத வழி வந்தது. பிரிந்திருக்க வேண்டிய காலம் சட்டத்தில் 2 ஆண்டு என்று இருக்கிறது. திருச்சபை நீதிமன்றம் 'திருமணம் செல்லாது' என்று தந்த தீர்ப்பு சபைக்குள் மட்டும்தான். அதை வைத்து மறுமணம் செய்தால் அரசாங்கத்தின் கண்ணில் அது இரண்டாவது திருமணம்.

அமெரிக்காவில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லுமா?

இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு, அந்தச் சட்டத்தில் இல்லாத காரணத்தை வைத்து, மற்றவர் கலந்துகொள்ளாமல் வாங்கிய வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லாது என்பது 1991-லிருந்து நிலை. இருவரும் மனமொப்பி அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. குழப்பம் வேண்டாம் என்றால் இங்கேயே சம்மத மனு போடுவது சுலபம். காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஒரு வக்கீலிடம் காட்டி அந்த நீதிமன்ற அதிகாரத்தை ஏற்கவில்லை என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

எப்போது மறுமணம் செய்யலாம்?

சம்மதத் தீர்ப்புக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது, ஆகவே பெரிய தடை இல்லை. போட்டி வழக்கில் வந்த தீர்ப்பென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். ஒரு சட்டத்தில் 30 நாள், இன்னொன்றில் 90 நாள் என்று இருப்பதால் 90 நாள் பொறுத்துவிடுவது பாதுகாப்பு. மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும்வரை பத்திரிகை அடிக்காதீர்கள்.

தீர்ப்பு கையில் வந்தபின் என்னென்ன மாற்ற வேண்டும்?

சான்றிட்ட நகல் மூன்று நாலு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், வங்கி, மறுமணப் பதிவு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், ஆதாரில் முகவரி, பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் இவற்றை எல்லாரும் செய்துவிடுகிறார்கள். மறப்பது நாமினியை. பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட், அலுவலகக் குழுக் காப்பீடு என்று எங்கெல்லாம் பழைய துணையின் பெயர் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் நீங்களே போய் மாற்ற வேண்டும். விவாகரத்தால் அது தானாக மாறாது. உயில் எழுதியிருந்தால் அதுவும் அப்படியே உயிரோடு இருக்கும். புதிதாக எழுதிப் பழையதை ரத்து செய்யுங்கள். கூட்டு வங்கிக் கணக்கை மூடுங்கள், லாக்கர் சாவியைக் கணக்குத் தீருங்கள், அவருடைய போன் எண்ணுக்கு ஓ.டி.பி. போகும் கணக்கு எதுவும் மிச்சம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.